பிஎஸ்2, கேம்கியூப் ஓட்ட நடுத்தர ஹேண்ட்ஹெல்டு: எதை வாங்கலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது: சோனியின் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2), நின்டெண்டோவின் கேம்கியூப் ஆகிய பழைய கன்சோல்களின் விளையாட்டுகள் ஒரு ஹேண்ட்ஹெல்டில், அதாவது கையடக்க விளையாட்டுக் கருவியில், திணறாமல் ஓட வேண்டும், முடிந்தால் அவ்வப்போது நின்டெண்டோ ஸ்விட்சும். ரெட்ராய்டு பாக்கெட் 5, ஆயின் ஓடின் 2, ஸ்டீம் டெக் மூன்றையும் பார்த்துக் குழம்பியாகிவிட்டது. ஆன்பெர்னிக் ஆர்ஜி556-இன் திரையும் அழகாக இருக்கிறது, அதுவே போதாதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்விட்ச் உண்மையிலேயே ‘முடிந்தால்’ என்ற அளவில்தான் என்றால் ரெட்ராய்டு பாக்கெட் 5 போதும். ஸ்விட்சும் முக்கியம் என்றால் ஓடின் 2. ஆர்ஜி556 இந்த வேலைக்கு வேண்டாம். ஸ்டீம் டெக் நல்ல கருவிதான், ஆனால் அது தீர்க்கிற பிரச்சினை உங்களுடையதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதுதான் மீதிப் பதில். உங்கள் ரசனை வேறாக இருந்தால் இதே கணக்கில் வேறு முடிவுக்கு நீங்களே வந்துவிடலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு காகிதத்தில் நீங்கள் கட்டாயம் விளையாடப்போகிற ஐந்து விளையாட்டுகளை எழுதுங்கள். ‘பிஎஸ்2 ஓடுமா?’ என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது. ஃபைனல் ஃபேன்டசி 10, டிராகன் குவெஸ்ட் 8 போன்றவை இந்த வரிசையிலுள்ள பெரும்பாலான கருவிகளில் ஓடிவிடும். அதே பிஎஸ்2-வில் காட் ஆஃப் வார் 2, கிரான் டூரிஸ்மோ 4, ராட்செட் அண்ட் கிளாங்க் வரிசை என்று வந்தால் கருவிக்கு வியர்க்கும். கேம்கியூபிலும் அப்படித்தான். பெரும்பாலானவை லேசாகப் போகும், ரோக் ஸ்குவாட்ரன் விளையாட்டுகள் மட்டும் மேசைக் கணினியையே சோதித்துப் பார்த்தவை. ஆக, பட்டியலில் எது மிகக் கனமானதோ அதுதான் கருவியைத் தீர்மானிக்க வேண்டும். விளம்பரத்தில் எழுதியிருக்கும் ‘ஆயிரக்கணக்கான விளையாட்டுகள்’ நமக்கு எதற்கும் உதவாது.

பிஎஸ்2-வின் மூளையான எமோஷன் எஞ்சின் 295 மெகாஹெர்ட்ஸ் அளவில்தான் ஓடியது, நினைவகம் வெறும் 32 எம்பி. இன்றைய சாதாரண ஃபோனே அதைவிடப் பல மடங்கு வேகம், பிறகு ஏன் திணறுகிறது என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான சந்தேகம்தான். அந்தப் பெட்டிக்குள் எமோஷன் எஞ்சினோடு இரண்டு வெக்டர் யூனிட்டுகள், படம் வரைய கிராஃபிக்ஸ் சிந்தசைசர், ஒலிக்கும் உள்ளீட்டுக்கும் தனிச் சில்லு என்று பலவும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று தாளம் தப்பாமல் ஓடின. எமுலேட்டர், அதாவது பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள், அவற்றின் கட்டளைகளை அந்தந்தக் கணமே ஏஆர்எம் (ஃபோன்களிலும் இந்தக் கருவிகளிலும் உள்ள சிப் வகை) கட்டளைகளாக மாற்ற வேண்டும், அதே சமயம் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கவும் வேண்டும். இந்த வேலையைச் சிப்பிலுள்ள எட்டுக் கோர்களுக்கும் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) சமமாகப் பங்கு போட முடியாது. எமோஷன் எஞ்சின், படம் வரைதல், வெக்டர் யூனிட் என்று தனித்தனியாக ஓடும் கனமான வேலைகள் (த்ரெட்கள்) மூன்றுதான். அதிலும் முதலாவது தாமதித்தால் மற்ற இரண்டும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் ‘ஆக்டா கோர்’ என்ற சொல்லைப் பார்த்து மயங்காமல், மிக வேகமான ஒரே ஒரு கோர் எது, எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் படம் தெளிவாகிறது. ஆர்ஜி556-இல் இருப்பது யூனிசாக் டி820. அதன் வேகமான கோர் கார்டெக்ஸ் ஏ76. ரெட்ராய்டு பாக்கெட் 5-இல் ஸ்னாப்டிராகன் 865, அதாவது 2.84 கிகாஹெர்ட்ஸில் ஒரு கார்டெக்ஸ் ஏ77. ஓடின் 2-வில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2, அதில் 3.2 கிகாஹெர்ட்ஸில் கார்டெக்ஸ் எக்ஸ்3. ஏ76-க்கும் ஏ77-க்கும் இடையே ஒரு படிதான். ஏ77-இலிருந்து எக்ஸ்3 என்பது மாடிக்கே ஏறுவது. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் டி820, 865-க்கு ரொம்பப் பின்னால் இல்லையே என்று தோன்றும். வித்தியாசம் ஜிபியூவில், அதாவது படம் வரையும் பகுதியில்தான் அம்பலமாகிறது. டி820-இல் இருப்பது நான்கு கோர் கொண்ட மாலி ஜி57. பிஎஸ்2-வை அதன் சொந்த அளவில், கிட்டத்தட்ட 640×448-இல் ஓட்டும்போது ஓரளவு சமாளிக்கும். இரண்டு மடங்கு ரெசல்யூஷன் என்று கேட்டால் மூச்சு வாங்கும். 5.48 அங்குல அமோலெட் திரையை வாங்கிவிட்டு அதில் மங்கலான படத்தைப் பார்ப்பதில் என்ன பயன்? ட்ரீம்காஸ்ட், பிஎஸ்பி வரைக்கும் போதும் என்பவருக்கு அது நல்ல கருவி. உங்கள் பட்டியல் அதுவல்ல.

ஜிபியூ பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. நடுத்தர வரிசையில் வாங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்: டிரைவர், அதாவது ஜிபியூவை இயக்கும் மென்பொருள். ஸ்னாப்டிராகனில் இருக்கும் அட்ரீனோ ஜிபியூக்களுக்கு மேசா என்ற திறந்த மூல கிராஃபிக்ஸ் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் டர்னிப் என்ற டிரைவரை எழுதியிருக்கிறார்கள். டால்பின் (கேம்கியூப், வீ எமுலேட்டர்), விட்டா3கே (பிஎஸ் விட்டா எமுலேட்டர்), ஸ்விட்ச் எமுலேட்டர்கள் போன்றவற்றில் கருவியை ரூட் செய்யாமலே (ஆண்ட்ராய்டின் பூட்டை உடைக்காமலே) இந்த டிரைவரை ஏற்றிக்கொள்ளலாம். தயாரிப்பாளர் கொடுத்த டிரைவரில் கறுப்புத் திரை, கிழிந்த நிழல்கள், கோணல்மாணலான முகங்கள் என்று வந்த விளையாட்டு, டர்னிப்பை மாற்றியதும் ஒழுங்காக ஓடுவது இந்த உலகில் அன்றாடச் சங்கதி. மாலி ஜிபியூவில் இந்த வழி இல்லை. தயாரிப்பாளர் என்ன கொடுத்தாரோ அதுதான் கடைசிவரை. இதனால்தான் மாலி ஜிபியூ உள்ள டிமென்சிட்டி 1100 சிப் கொண்ட ரெட்ராய்டு பாக்கெட் 4 ப்ரோ கோர் வேகத்தில் 865-க்கு ஈடுகொடுத்தாலும், ஸ்விட்ச் என்று வந்தால் பின்தங்கிவிடுகிறது. பிஎஸ்2, கேம்கியூப் மட்டும் என்றால் அது இன்றைக்கும் மோசமில்லை. பழைய கையிருப்பு மலிவாகக் கிடைத்தால் யோசிக்கலாம்.

இதே காரணத்தால் ‘இருப்பதிலேயே புதிய சிப்’ என்று ஓடுவதும் சரிவராது. ஸ்னாப்டிராகன் 8 எலைட் வந்தபோது வேகத்தில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. ஆனால் அதன் அட்ரீனோ 830-க்கு டர்னிப் ஆதரவு நெடுநாள் வராததால், சில விளையாட்டுகளில் பழைய 8 ஜென் 2-வே நிம்மதியாக இருந்தது. எமுலேஷனில் ஒரு சிப் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகி, எல்லோரும் அதை அடித்துத் துவைத்துச் சரிசெய்த பிறகு வாங்குவதுதான் லாபம். 865 என்பது 2019 டிசம்பரில் அறிவித்த சிப். அதன் வயதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அந்த வயதுதான் அதன் பலம்.

இப்போது மென்பொருள் நிலவரம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கருவி வாங்கினால் பாதிக் கணக்குதான். ஆண்ட்ராய்டில் பிஎஸ்2 என்றால் பெரும்பாலும் ஏத்தர்எஸ்எக்ஸ்2 குடும்பம். மேசைக் கணினியின் பிசிஎஸ்எக்ஸ்2-விலிருந்து பிறந்தது. அதை உருவாக்கியவர் மிரட்டல்களால் வெறுத்துப்போய் 2023 தொடக்கத்தில் வேலையை நிறுத்திவிட்டார். அதன்மேல் ஒட்டுப்போட்ட நெதர்எஸ்எக்ஸ்2-வைத்தான் பலரும் ஓட்டுகிறார்கள். அடிப்படைக் குறியீடு உறைந்துபோனது, ஆனாலும் வேலை செய்கிறது. பிஎஸ்2-வுக்கு பயாஸ் கோப்பு (கன்சோலின் தொடக்க மென்பொருள்) கட்டாயம், அதை உங்கள் சொந்தக் கன்சோலிலிருந்துதான் எடுக்க வேண்டும். டால்பினுக்கும் பிஎஸ்பி எமுலேட்டரான பிபிஎஸ்எஸ்பிபிக்கும் அந்தத் தொல்லை இல்லை. டால்பின் நேர்மாறான கதை. 2008-இல் திறந்த மூலமாகி இன்றுவரை நிற்காமல் வளர்கிறது. ஆக, ஒரே கருவியில் கேம்கியூபும் வீயும் வருடா வருடம் கொஞ்சம் மேம்படும், பிஎஸ்2 கிட்டத்தட்ட இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஏஆர்எம்எஸ்எக்ஸ்2 என்று புதிய முயற்சி ஒன்று தொடங்கியிருக்கிறது. நல்லது. ஆனால் நாளைக்கு வரப்போகிற எமுலேட்டரை நம்பி இன்றைக்குக் கருவி வாங்கக் கூடாது.

ஸ்விட்ச் இன்னும் வழுக்குப் பாறை. நின்டெண்டோ தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் ஸ்விட்ச் எமுலேட்டரான யூசு 24 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசமாகி மூடப்பட்டது. கூடவே 3டிஎஸ் எமுலேட்டரான சிட்ராவும் போனது. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு ஸ்விட்ச் எமுலேட்டரான ரியூஜின்எக்ஸும் நின்றது. இப்போது இருப்பவை அவற்றின் கிளைகள். ஒன்று நன்றாக ஓடும், அடுத்த மாதம் காணாமல் போகும், வேறு பெயரில் திரும்பி வரும். 3டிஎஸ் பக்கம் சிட்ராவின் வழிவந்த அசாஹர் வந்து நிலைமையைக் காப்பாற்றிவிட்டது. ஸ்விட்ச் பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் ஸ்விட்சுக்காகவே பெரிய தொகை போடுகிறேன் என்பவரிடம், அந்தத் தொகையில் பழைய ஸ்விட்சையே வாங்கிவிடலாமே என்றுதான் சொல்வேன். ஓடின் 2 வாங்கினால் ஸ்விட்ச் ஒரு உபரி. அதையே அடிப்படைக் காரணமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் ஓடின் 2-வுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்னதான் கிடைக்கிறது? என் கணிப்பில் முதலாவது, பேட்டரி. ரெட்ராய்டு பாக்கெட் 5-இல் 5000 எம்ஏஎச், ஓடின் 2-வில் 8000. எண்ணிக்கை மட்டும் அல்ல. 865 என்பது 7 நானோமீட்டர் சிப், 8 ஜென் 2 என்பது 4 நானோமீட்டர். ஒரே விளையாட்டை ஒரே ரெசல்யூஷனில் ஓட்டும்போது 865 தன் உச்சிக்குப் பக்கத்தில் திணறிக்கொண்டிருக்கும், மற்றது பாதி வேகத்தில் நடைபோடும். உச்சியில் ஓடும் சிப் மின்சாரத்தைக் குடிக்கும், விசிறியும் இரையும். 5000 எம்ஏஎச் என்றால் ஏறத்தாழ 19 வாட்-மணி. கனமான விளையாட்டு திரையோடு சேர்த்து 7 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாவது, மூன்று மடங்கு ரெசல்யூஷன். பிஎஸ்2-வில் இரண்டு மடங்குக்கும் மூன்று மடங்குக்கும் உள்ள வித்தியாசம் 5.5 அங்குலத் திரையில் கண்ணில் பெரிதாகப் படாது. ஏழு அங்குல ஓடின் 2 போர்ட்டலில் நிச்சயம் படும். திரை சின்னதென்றால் இதற்காகப் பணம் போடாதீர்கள்.

திரை என்றதும் ஒரு சின்னக் கணக்கு. பிஎஸ்2, கேம்கியூப் விளையாட்டுகளில் பெரும்பாலானவை 4:3 வடிவத்துக்காகச் செய்யப்பட்டவை. 16:9 திரையில் இருபக்கமும் கறுப்புப் பட்டை வரும். 5.5 அங்குல 16:9 திரையில் 4:3 படத்தின் மூலைவிட்டம் 4.5 அங்குலம்தான். ஏழு அங்குலத் திரையில் 5.7. பெரிய திரை என்று வாங்கியதில் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது இவ்வளவு. அகலத்திரை பேட்ச் பல விளையாட்டுகளுக்கு உண்டு என்றாலும், சிலவற்றில் ஓரத்தில் பாத்திரங்கள் திடீரென்று முளைப்பதும் மறைவதும் தெரியும். பிஎஸ்பிக்குப் பிரச்சினையே இல்லை. அதன் 480×272-ஐ நான்கு மடங்காக்கினால் 1920×1088, 1080பி திரையில் கச்சிதமாக உட்காரும்.

கையில் கருவி வந்ததும் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வித்தை, வேகத்தைத் தடுக்கும் இடுக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. நெதர்எஸ்எக்ஸ்2-வில் திரைமேல் புள்ளிவிவரம் காட்டும் வசதியை இயக்கினால் ஈஈ (எமோஷன் எஞ்சின்), ஜிஎஸ் (கிராஃபிக்ஸ் சிந்தசைசர்), வியூ (வெக்டர் யூனிட்) என்று மூன்று சதவீதங்கள் ஓடும். விளையாட்டு திணறும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஈஈ நூறை ஒட்டி நிற்கிறதென்றால் ரெசல்யூஷனைக் குறைத்து ஒரு பயனும் இல்லை. அங்கே ஈஈ சைக்கிள் ரேட்டை ஒரு படி இறக்க வேண்டும், சில விளையாட்டுகள் அதைத் தாங்கும், சில கண்டபடி நடந்துகொள்ளும். ஈஈ அறுபதில் நின்று ஜிஎஸ் உச்சியில் இருந்தால்தான் ரெசல்யூஷனில் கைவைக்க வேண்டும். டால்பினில் இன்னும் எளிது: ரெசல்யூஷனை ஒரு மடங்குக்கு இறக்குங்கள். வேகம் ஏறவே இல்லையென்றால் குற்றவாளி ஜிபியூ இல்லை. இது தெரியாமல் ‘செட்டிங்ஸ் என்ன வைப்பது’ என்று ஊரெல்லாம் கேட்டு, யாரோ வேறு கருவிக்காகப் போட்ட படத்தைப் பார்த்து நகலெடுப்பவர்கள்தான் அதிகம்.

டால்பினில் புதிய இடத்துக்குள் நுழையும்போது அரை நொடி நின்று நின்று போவதையும் சிப்பின் பலவீனம் என்று நினைக்க வேண்டாம். அது ஷேடர்களை (ஜிபியூவுக்கான சிறு நிரல்களை) தொகுக்கும் நேரம். ஒருமுறை தொகுத்தது சேமிக்கப்படும், அடுத்த முறை நிற்காது. அப்புறம், ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் அசல் பிஎஸ்2-விலேயே 30 ஃப்ரேமைத் தக்கவைக்க முடியாமல் தள்ளாடிய விளையாட்டு. அதை வைத்து எமுலேட்டரைத் திட்டுவது பாவம்.

பழைய தந்திரம் ஒன்றும் உண்டு. ஐரோப்பியப் பதிப்புகளில் நொடிக்கு 60-க்குப் பதில் 50 ஃப்ரேம்தான். வேலை ஆறில் ஒரு பங்கு குறைகிறது. உங்களிடம் அந்தப் பதிப்பு இருந்து, விளையாட்டு விளிம்பில் திணறிக்கொண்டிருந்தால், அது சில சமயம் கரைசேர்த்துவிடும். ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் 50 ஃப்ரேம் வழுவழுவென்று நகராது, கேமரா சுற்றும்போது சின்ன உதறல் தெரியும். பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

பொத்தான்கள் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. கேம்கியூபின் தோள் பொத்தான்கள் அழுத்தத்தின் அளவை உணர்பவை. சூப்பர் மரியோ சன்ஷைனில் பாதி அழுத்தினால் ஓடிக்கொண்டே தண்ணீர் பீய்ச்சலாம், முழுக்க அழுத்தினால் நின்று குறிபார்க்கலாம். அனலாக் டிரிகர் இல்லாத கருவியில் இது எரிச்சலாகிவிடும். இங்கே பேசுகிற கருவிகளில் அனலாக் டிரிகர் இருக்கிறது, மலிவான வரிசையில் இருக்காது. பிஎஸ்2-வில் வேறு வில்லங்கம். அதன் முகப்புப் பொத்தான்களே அழுத்தத்தை உணரும், மெட்டல் கியர் சாலிட் 3-இல் துப்பாக்கியைச் சுடாமல் இறக்க அந்த மென்மையான அழுத்தம் வேண்டும். எந்த ஹேண்ட்ஹெல்டிலும் அது இல்லை. வேறு பொத்தானுக்கு மாற்றி ஒப்பேற்ற வேண்டியதுதான்.

ஸ்டீம் டெக்குக்கு வருவோம். அது எக்ஸ்86 கணினி, அதனால் உறைந்துபோன கிளைகளுக்குப் பதில் உயிரோடு இருக்கும் பிசிஎஸ்எக்ஸ்2 நேரடியாக ஓடும். நின்டெண்டோவின் வீ யூவுக்கான எமுலேட்டர் செமு அருமையாக ஓடுகிறது, பிஎஸ்3-யில் லேசான விளையாட்டுகள் ஆர்பிசிஎஸ்3 எமுலேட்டரில் தேறும். கணினி விளையாட்டுகள் வேறு இருக்கவே இருக்கின்றன. அதற்குப் பதிலாகச் சுமக்க வேண்டியது எடை: 640 கிராம் அல்லது அதற்கு மேல், பையில்தான் போகும். ரெட்ராய்டு பாக்கெட் 5-இன் எடை அதில் பாதிகூட இல்லை. உங்கள் ஐந்து விளையாட்டுப் பட்டியலில் வீ யூவோ கணினி விளையாட்டோ ஒன்றாவது இருந்தால் டெக் வாங்குங்கள், மற்ற யோசனையே வேண்டாம். இல்லையென்றால் அந்தப் பெரிய பெட்டியை பிஎஸ்2-வுக்காகச் சுமப்பது வீண். பிஎஸ்3-யைக் குறிவைத்து ஆண்ட்ராய்டு கருவி வாங்குவதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். பிஎஸ்3-யின் 3.2 கிகாஹெர்ட்ஸ் செல் சில்லும் அதன் துணைக் கோர்களும் மேசைக் கணினிக்கே இன்னும் சவால்தான்.

ரேம் 8 ஜிபி போதும். 12 என்பது ஸ்விட்சுக்கும், ஆண்ட்ராய்டில் கணினி விளையாட்டுகளை ஓட்டிப் பார்க்கும் ஆசைக்கும்தான். உள் சேமிப்பில் பணத்தைக் கொட்டாதீர்கள். விளையாட்டுகள் மைக்ரோ எஸ்டி அட்டையில் இருந்தால் தாராளமாக ஓடும். ஒரு பிஎஸ்2 டிவிடி பெரும்பாலும் 4.7 ஜிபிக்குள், இரட்டை அடுக்கு வட்டு என்றால் 8.5 ஜிபி வரை போகும், கேம்கியூப் வட்டு 1.5 ஜிபிக்குள். பிஎஸ்2-வை சிஎச்டி ஆகவும் கேம்கியூபை ஆர்விஇசட் ஆகவும் சுருக்கி வைத்தால் தரம் குறையாமல் இடம் மிச்சம்.

கடைசியாக ஒன்று. உங்களிடம் ஸ்னாப்டிராகன் 8 வரிசைச் சிப் உள்ள ஃபோன் ஏற்கெனவே இருந்தால், எதையும் வாங்கும் முன் அதில் டால்பினையும் நெதர்எஸ்எக்ஸ்2-வையும் ஏற்றி அந்த ஐந்து விளையாட்டுகளையும் ஓட்டிப் பாருங்கள். திரையைத் தொட்டு விளையாடுவது கொடுமைதான், வேகம் எப்படி என்று தெரிந்தால் போதும். நன்றாக ஓடினால் இருபக்கமும் பிடித்துக்கொள்ளும் ஒரு கன்ட்ரோலரோடு வேலை முடிந்துவிடலாம். ஹேண்ட்ஹெல்டே வாங்குவதாக முடிவானால், வந்த முதல் நாளே பட்டியலில் மிகக் கனமானதை விசிறியோடு ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் ஓடும். சூடேறிய பிறகு வேகம் விழுகிறதா, ஜாய்ஸ்டிக்குகளைத் தொடாமலே திரையில் அசைவு வருகிறதா, டிரிகர் பாதி அழுத்தத்தை உணர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தெரிந்தால்தான் பயன்.